வரிசையில் நிற்காத வண்டி

புதிதாக இந்தத் திட்ட வேலைக்கு வருகிற உங்களைப் போன்ற பிள்ளைகள் என்னைக் கண்டதும் முதலில் கேட்பது ஒரே கேள்வியைத்தான். பற்றரி வண்டி ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் எவ்வளவு தூரம் ஓடும்? நான் பதில் சொல்வதில்லை. வண்டியோடு வருகிற புத்தகத்தில் அதற்கு ஒரு பதில் இருக்கிறது. அது எவ்வளவு தூரம் பொய் என்பதை ஓட்டுகிறவர்கள் முதல் கிழமையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்கு நான் தேவையில்லை. ஆனால் மானியம் கொடுத்த அரசாங்கம், கொடுத்ததைப் பார்த்துவர ஆள் அனுப்புகிற நாள் உங்கள் ஒவ்வொருவருக்கும் வரும். அன்றைக்கு மேலதிகாரி உங்கள் காதுக்குள் ஒன்று சொல்வார், உங்கள் வாய் வேறொன்று சொல்லத் துடிக்கும். அப்போது என்ன செய்வதென்று எந்தப் புத்தகத்திலும் எழுதவில்லை. எனக்கு அந்த நாள் எப்படி வந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். நான் வேலைசெய்த கந்தோரில் எனக்குக் கொச்சிக்காய், அதாவது மிளகாய், என்று ஒரு பட்டப்பெயர் இருந்தது. முகத்துக்கு நேரே மிஸ், முதுகுக்குப் பின்னால் கொச்சிக்காய். நான் சூடாகிற இடங்கள் இந்தக் கதையில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சண்டை முடிந்து, தமிழ்நாட்டு முகாம்களில் இருந்த சனங்கள் மன்னாருக்குத் திரும்பி வந்துகொண்டிருந்த காலம் அது. வீடு கட்டக் கொடுத்தார்கள், கிணறு வெட்டக் கொடுத்தார்கள், வலை கொடுத்தார்கள். எங்கள் திட்டம் கொஞ்சம் விசித்திரமானது. புகைவிடாத வாகனங்களை நாட்டுக்குப் பழக்கவேண்டும் என்று மேலே யாருக்கோ ஆசை வந்திருந்தது. மன்னார்த் தீவு தட்டையான இடம், ஏற்றம் இறக்கம் இல்லை, அங்கே ஓட்டிப் பார்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். மீன் விற்கிற பத்துப் பெண்களுக்குப் பின்னால் பெட்டி பூட்டிய பற்றரி முச்சக்கர வண்டிகள் வந்தன. விலையில் பெரும்பங்கு மானியம்.

மானியம் வந்தால் நிபந்தனையும் கூடவே வரும். வண்டி சில வருடங்களுக்கு அரசாங்கத்தின் பெயரில் இருக்கும். தீவை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. சார்ஜ் ஏற்றுவது நாங்கள் கட்டிய கொட்டிலில் மட்டும்தான். அங்கே இருக்கிற மீற்றரைப் பார்த்தால் வண்டிகள் எவ்வளவு ஓடுகின்றன என்று கொழும்புக்குத் தெரிந்துவிடும். நிபந்தனையில் பிசகினாலோ, சோதனைக்கு வண்டியைக் காட்ட முடியாமல் போனாலோ வண்டி பறிபோகும்.

ஏழாம் இலக்க வண்டி யசிந்தாவுடையது. வயது நாற்பதுக்குள்தான் இருக்கும். கணவர் சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து அவசரமாக ஏறியதில் இடுப்புக்குக் கீழே வழங்காமல் படுத்துவிட்டார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்தார்கள். வண்டி வருவதற்கு முன்னால் யசிந்தா மீன்பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். மீன் வாசத்தைக் கண்டால் பஸ்காரர் நிறுத்தமாட்டார், நிறுத்தினாலும் சனம் ஏறவிடாது. அவளுக்கு அந்த வண்டி எவ்வளவு பெரிய விடுதலை என்று நான் விளக்கத் தேவையில்லை. அது போனால் அவள் மறுபடியும் பஸ் தரிப்பில்தான்.

இப்போது காற்றைப் பற்றிச் சொல்லவேண்டும். எங்கள் தீவுக்கு இரண்டு கடல். தென்மேற்கிலிருந்து சோழகம் வீசினால் தெற்குக் கடல் கொந்தளிக்கும், தொழில் வடகரையில் நடக்கும். வாடை எழுந்தால் வடகடல் கலங்கும், படகும் வலையும் சனமும் மறுகரைக்குப் போய் ஓலைக் குடில் போட்டு வாடி அடித்துக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் தென்கரையில் ஓலைத்தொடுவாய்ப் பக்கம் போவது வழக்கம். இது பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விசயம். ஆனால் கொட்டில் கட்டும் வரைபடத்தைக் கொழும்பில் கீறியவர்கள் வந்துபோனது சோழக காலத்தில். ஆகவே வடகரையில், நல்ல சீமெந்துத் தளம் போட்டு, தகரக் கூரை போட்டு, கொட்டில் எழும்பியது.

வாடை தொடங்கியதும் வண்டிகளும் மறுகரைக்குப் போயின. பெண்கள் அங்கே ஐஸ் தொழிற்சாலையிலும் தெரிந்த வீடுகளிலும் வயர் இழுத்துச் சார்ஜ் ஏற்றினார்கள். எனக்குத் தெரியும். நிபந்தனைக்கு மாறுதான். ஆனால் வண்டி ஓடியது, மீன் விற்றது, நான் பார்த்தும் பாராமல் இருந்தேன். அடுத்த கூட்டத்தில் நிபந்தனையை மாற்றச் சொல்லி எழுதுவதாக இருந்தோம்.

கூட்டத்துக்கு முன்னால் சோதனை வந்துவிட்டது. கொழும்பிலிருந்து ஒரு அதிகாரி வருகிறார், அவர் திருப்தியாக எழுதினால் திட்டம் மற்றக் கரைகளுக்கும் போகும், இல்லாவிட்டால் பத்து வண்டிகளோடு கதை முடிந்தது என்று எங்கள் மேலதிகாரியான பணிப்பாளர் சொன்னார். நல்ல மனுசன், பயந்த மனுசன். அதிகாரியை நேரே ஓலைத்தொடுவாய்க்குக் கூட்டிப்போய், பெண்கள் மீன் ஏற்றுவதைக் காட்டிவிட்டு, காற்றுக் கதையையும் சொல்லிவிடுவோம் என்றேன். அவரும் தலையாட்டினார். பெண்களின் சங்கத் தலைவிக்கு அவரே போன் எடுத்து, நாளைக்கு வண்டிகளைப் பார்க்க ஆள் வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லிவைத்தார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. வரச் சொல்லவில்லை, நிற்கச் சொல்லவில்லை.

மறுநாள் காலை அதிகாரியோடு ஜீப்பில் போகிறோம். வழியில் கொட்டிலை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போகலாம் என்று அவர் கேட்டார். சந்தியில் திரும்பினோம்.

கொட்டிலுக்கு முன்னால் வண்டிகள் வரிசையாக நின்றன. இலக்கப்படி. ஒன்று, இரண்டு, மூன்று என்று பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல. ஒவ்வொன்றையும் கழுவித் துடைத்திருந்தார்கள், ஒரு செதில் கிடையாது. ஒவ்வொரு வண்டிக்கும் பக்கத்தில் அதன் சொந்தக்காரி, நல்ல சேலை கட்டி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆறாவதுக்கும் எட்டாவதுக்கும் நடுவில் ஒரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

நான் ஜீப்பிலிருந்து குதித்துப்போய் சங்கத் தலைவியைப் பிடித்தேன். கரையில் வலை ஏறுகிற நேரத்தில் இங்கே என்ன வேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள்.

"செக்கிங் எண்டா ஆள் நிக்க வேணும்தானே மிஸ். இல்லாட்டிப் பேரை வெட்டிப் போடுவினம்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகாமில் குறித்த நாளில் தலை எண்ணுவார்கள். எண்ணுகிற நேரத்தில் இல்லாதவரின் பெயர் அட்டையிலிருந்து போகும், அரிசி போகும், உதவிப்பணம் போகும். வெளியூரில் கூலிக்குப் போனவன் பஸ் பிடித்து ஓடிவருவான், காய்ச்சல்காரனைத் தூக்கிவந்து நிறுத்துவார்கள். இந்தப் பெண்களில் பலர் அந்த வரிசையில் நின்றே வளர்ந்தவர்கள். சோதனை என்ற சொல்லுக்கு அவர்களுக்குத் தெரிந்த ஒரே அர்த்தம் அதுதான். போனில் யாரும் வரச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அன்றைய மீனைக் கரையில் ஐஸ் லொறிக்காரனுக்கு விட்டுவிட்டு, விடியமுதல் எழும்பி, கழுவி, வந்து நின்றுவிட்டார்கள்.

அந்த அதிகாரி ஒல்லியான மனிதர், சிங்களத்தில் மெதுவாகப் பேசுவார். கேள்வி குறைவு, கண் நிறைய வேலை செய்யும். வண்டி வண்டியாகக் குனிந்து பார்த்தார். நல்ல சுத்தமாக இருக்கின்றன என்றார். பணிப்பாளர் சந்தோசப்பட்டார். பிறகு அவர் கொட்டிலுக்குள்ளே போய் மீற்றரைப் பார்த்தார். சார்ஜ் ஏற்றுகிற பிளக்குகளில் சிலந்திவலை. அவர் வெளியே வந்து கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டே, வேலைநாள் காலையில் வண்டிகள் எல்லாம் இங்கே கழுவி நிற்கின்றன, மீற்றர் மாதக்கணக்கில் அசையவில்லை, இவை ஓடுவதே இல்லையா என்று கேட்டார்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பது இதுதான். வண்டியைக் காப்பாற்ற என்று வந்து நின்றவர்கள், வண்டி ஓடுவதில்லை என்பதற்குத் தாங்களே சாட்சியாக நின்றார்கள்.

அதற்குமேல் அவர் அந்த இடைவெளியைப் பார்த்தார். ஏழாம் இலக்கம் எங்கே?

பணிப்பாளர் எனக்குப் பக்கத்தில் நின்றார். வாய் அசையாமல், "ரிப்பெயர் எண்டு சொல்லும்," என்றார். அதேநேரம் வரிசையில் நின்ற பெண்களும் தங்களுக்குள் ஒன்றைத் தயார்செய்துவிட்டார்கள். யசிந்தாவுக்குச் சுகமில்லை, வண்டி வீட்டில் நிற்கிறது என்று நாலைந்து பேர் ஒன்றாகச் சொன்னார்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நீங்கள் என் இடத்தில் நின்றால் என்ன சொல்வீர்கள் என்று யோசியுங்கள். ரிப்பெயர் என்றால், ஓடாத ஒன்பது வண்டியோடு பழுதான ஒரு வண்டி. திட்டம் அங்கேயே செத்தது. உண்மையைச் சொன்னால், வண்டிகள் நன்றாக ஓடுகின்றன, ஆனால் ஓடுகிற ஒவ்வொன்றும் நிபந்தனையை மீறி ஓடுகிறது. பத்தையும் பறிக்க அதுவே போதும். ஓடவில்லை என்றால் மானியம் போகும், ஓடுகிறது என்றால் வண்டி போகும்.

இன்னொன்றும் இருந்தது. ஏழாம் வண்டி எங்கே என்று உண்மையில் எனக்கே நிச்சயமாகத் தெரியாது. யசிந்தா பாலத்தைத் தாண்டிப் பெருநிலத்தில், இலுப்பைக்கடவைப் பாதையில் மீன் விற்கிறாள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பக்கம் திரும்பி வந்திருந்த சனங்களுக்குக் கடல்மீன் கிடைப்பதில்லை. ஆனால் வேறொரு கதையும் ஊரில் உலாவியது. கரண்ட் வராத வீடுகளில் விளக்கெரிக்க வண்டிப் பற்றரிகளைக் கழற்றி விற்கிறார்கள் என்று. இருட்டு வீட்டில் படுக்கையாய்க் கிடக்கிற புருசனை வைத்துக்கொண்டு அவள் அப்படிச் செய்திருந்தால் நான் அவளைக் குறைசொல்லியிருக்கமாட்டேன். நான் போன் எடுத்தேன். நிறுத்தி வைத்திருந்தாள்.

அதிகாரி காத்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் வந்தது. பணிப்பாளர் மேலே, கொட்டிலை இங்கே கட்டியவர்கள் மேலே, கழுவின வண்டிகள் மேலே, அந்தச் சிலந்தி மேலேகூட. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் கொட்டித் தீர்த்தேன். இவை ஓடுகிற வண்டிகள், இங்கே ஓடுவதில்லை, காற்று மாறினால் தொழில் மாறும், கொட்டில் மாறாது. உங்களுக்குப் பயந்துதான் இவர்கள் வேலையை விட்டுவிட்டு வந்து நிற்கிறார்கள். வராத வண்டி தீவுக்கு வெளியே நிபந்தனையை மீறி மீன் விற்றுக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன், வாருங்கள், போய்ப் பார்ப்போம் என்றேன். பணிப்பாளர் கண்ணை மூடிக்கொண்டார்.

அதிகாரி கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு, போவோம் என்றார். அந்த வண்டி விற்கப்பட்டிருந்தாலோ கிடையாய்க் கிடந்தாலோ பத்தையும் திருப்பி எடுக்க எழுதுவேன் என்றும் சொன்னார். அதைக் கோபமில்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. பணிப்பாளரை அங்கேயே விட்டுவிட்டு நாங்கள் ஜீப்பில் ஏறினோம்.

பாலம் கடக்கும்போது வாடை ஜீப்பையே ஒரு பக்கம் தள்ளியது. சோதனைச் சாவடியில் நின்ற ஆமிக்காரரிடம் சாரதி விசாரித்தார். சத்தம் போடாத வண்டியா, அது தினமும் போகிறதுதான், இருட்டில் சத்தமில்லாமல் வந்து முதல்நாள் தன்னைத் திடுக்கிட வைத்தது என்று சிரித்தார். இன்று போனதா என்றால், தான் இப்போதுதான் காவலுக்கு வந்ததாகச் சொன்னார். அதிகாரி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

அதன் பிறகு வெறும் றோட்டு. இரண்டு பக்கமும் பற்றை, இடையிடையே புதுத் தகரக் கூரைகள், கதவில்லாத வீடுகள். ஒரு சந்தியில் கேட்டோம், காணவில்லை என்றார்கள். அடுத்த சந்தியில் ஆளே இல்லை. ஒன்பது பெண்களின் பிழைப்பை ஒரு கேள்விப்பட்ட கதையின் மேல் தூக்கி வைத்துவிட்டேனே, ஆழம் தெரியாமல் காலை விட்டுவிட்டேனே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

பிறகு ஒரு வீட்டு வேலியோரம், ஒரு பெண் குந்தியிருந்து மீன் வெட்டுவதைக் கண்டேன். ஜீப் நிற்கமுதலே இறங்கினேன். விளைமீன். கண் இன்னும் தெளிவாக இருந்தது. யாரிடம் வாங்கியது என்று கேட்டேன்.

"டின் கட்டின ஓட்டோ அக்காட்டை. இப்பதான் மில்லடிக்குப் போறா."

மில் கொஞ்சத் தூரத்தில் இருந்தது. மிளகாய் அரைக்கிற நெடி றோட்டுக்கு வந்தது. வாசலில் பூவரச மரத்துக்குக் கீழே ஏழாம் இலக்க வண்டி நின்றது. கழுவவில்லை. செதிலும் சேறுமாக, ஐஸும் மீனும் போட்ட ரெஜிபோம் பெட்டிகள் பாதி காலியாக, பின்னால் இரண்டு பால்மா டின்கள் கயிற்றில் தொங்க நின்றது. வண்டி சத்தம் போடாததால் வீட்டுக்குள் இருக்கிற பெண்களுக்கு மீன் வந்தது தெரியாது, அதனால் டின் கட்டியிருந்தாள். மில் ஜன்னலுக்குள்ளால் ஒரு வயர் வந்து வண்டிக்குள் போனது.

மில்காரர் பெரியமடுப் பக்கத்து முஸ்லிம் மனிதர், அவரும் இடம்பெயர்ந்து திரும்பி வந்தவர்தான். அரசாங்க ஜீப்பைக் கண்டதும் வயரைக் கழற்ற ஓடினார். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அரைக்க ஆள் இல்லாத நேரத்தில் பிளக் சும்மா கிடக்கிறதுதானே என்று அவர் அவசரமாகச் சமாதானம் சொன்னார். கறிக்கு மீன் வைத்துவிட்டுப் போவாளாம், அவ்வளவுதான் கணக்கு.

யசிந்தா வண்டிக்குப் பக்கத்தில் நின்றாள். எங்களைக் கண்டதும் அவள் கை தானாகச் சேலைத் தலைப்பில் முடிந்திருந்த அடையாள அட்டைக்குப் போனதைக் கண்டேன். பாதியில் கையை எடுத்துவிட்டாள். அதிகாரி என்னூடாகக் கேட்டார், சோதனை என்று தெரியுமா, ஏன் வரவில்லை, ஏன் போனை நிறுத்தி வைத்தாய்?

"தெரியும். எடுத்தா வரச் சொல்லுவீங்கள். நீங்கள் சொன்னா நான் வந்திருப்பன் மிஸ். அதுதான் நிப்பாட்டி வச்சனான்."

பிறகு அவள் என்னை விட்டு அவரைப் பார்த்தே தமிழில் பேசினாள்.

"சின்னப்பிள்ளையா முகாமுக்குப் போனனான். வளந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெத்து, எல்லாத்துக்கும் நடுவில செக்கிங்குக்கு நிண்டனான். அப்பா செத்த அண்டும், பிரேதத்தை வச்சிட்டு வந்து நிண்டனான். பேரை வெட்டுறதெண்டா வெட்டுங்கோ. மீனை ஐஸில போட்டிட்டு வந்து நிக்க இனி என்னால ஏலாது."

மொழிபெயர்ப்பது என் வேலை. கொஞ்சம் குறைத்து, சர்க்கரை தடவிச் சொல்லியிருக்கலாம். ஒரு சொல்லும் குறைக்காமல் சொன்னேன், பேரை வெட்டுங்கோ என்பதையும் சேர்த்து.

அதிகாரி வயரைப் பார்த்தார், டின்னைப் பார்த்தார். தன் கையில் இருக்கிற நிபந்தனைப்படி இந்த வண்டியை இப்போதே எடுக்கவேண்டும் என்றார். பிறகு, இது இங்கிருந்து கொட்டில்வரை தன் பற்றரியிலேயே போய்ச் சேருமா என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் ஏறினால் சேரும் என்றாள் யசிந்தா. தனக்கு அவ்வளவு நேரமில்லை என்றார். அவள் என்னைப் பார்த்தாள். வயரைத் தானே கழற்றினாள்.

"வாறன். வழியில மூண்டு வீட்டுக்கு மீன் குடுக்கோணும்."

அவர் ஜீப்பில் ஏறுவார் என்று நினைத்தேன். வண்டியின் பின்பெட்டியில், ஐஸ் பெட்டிக்கு மேலே, அழுத்தின காற்சட்டையோடு ஏறி உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் ஜீப்பில் பின்னால் ஊர்ந்தோம். மூன்று வீட்டிலும் நிறுத்தினாள், பேரம் பேசினாள், மிச்சம் கொடுத்தாள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பாலத்தை நெருங்கும்போது வண்டி சோர்ந்துவிட்டது. பாலத்தில் ஏறியதும் வாடை பக்கவாட்டில் பிடித்தது. சைக்கிளில் போன ஒருவர் எங்களை முந்தினார். பாலத்தின் நடுவில் வண்டி நின்றது.

முடிந்தது என்று நினைத்தேன். ஒரு கையால் ஜீப் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். யசிந்தா இறங்கி, பெட்டிகளின் மூடியைத் திறந்து, உருகிய ஐஸ் தண்ணீரை எல்லாம் றோட்டில் கவிழ்த்தாள். மிச்சமிருந்த ஐஸையும் அள்ளிக் கடலுக்குள் எறிந்தாள். அதிகாரி கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் பெட்டியிலிருந்து இறங்கினார். தள்ளவில்லை, அதை அவள் விடவும் இல்லை. பாரம் குறைந்து மறுபடியும் அசைந்த வண்டிக்குப் பக்கத்தில் சப்பாத்துக் காலோடு நடக்கத் தொடங்கினார். அவள் மெதுவாக ஓட்ட, அவர் காற்றுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பாலத்தின் அந்தம்வரை நடந்தார். எங்கள் சாரதி, சேர் ஏறவில்லையா என்று என்னைக் கேட்டார். பேசாமல் ஓட்டும் என்றேன்.

பிறகு நடந்தவை உங்கள் பயிற்சிப் புத்தகத்தில் இருக்கின்றன. கொட்டில் நிபந்தனையை நீக்கினார்கள், மானியத்தில் ஒரு பங்கு மில்களுக்கும் தேத்தண்ணிக் கடைகளுக்கும் பிளக் வைக்கப் போனது, எல்லை நீண்டது. இப்போது நீங்கள் பற்றரிப் படகு, சூரிய ஒளிப் படகு என்று திட்டம் போடுகிறீர்கள், நல்லது. மண்ணெண்ணெய்க்கு மானியம் கொடுப்பதும் பிறகு வெட்டுவதும் கண்டு பழகிய சனம் இது. நீங்கள் எவ்வளவு நல்ல எஞ்சினோடு போனாலும், இதை எப்போது பறிப்பார்கள் என்றுதான் முதலில் பார்ப்பார்கள். அந்தப் பயத்தோடு வாங்குகிற வண்டி ஓடாது, கழுவித்தான் நிற்கும். எதிர்காலம் பற்றரியில் இருக்கிறது என்று கூட்டங்களில் பேசுகிறவர்கள் பேசட்டும். அன்றைய பின்னேரம் நான் கண்டது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அதைச் சொல்லி முடிக்கிறேன்.

ஏழாம் வண்டி ஊர்ந்து ஊர்ந்து கொட்டிலடிக்கு வந்தபோது வெயில் சாய்ந்துவிட்டது. ஒன்பது பெண்களும் அப்படியே நின்றார்கள். அதே வரிசையில், அதே இடைவெளியோடு, அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு. காலையில் நாங்கள் போன பிறகு பணிப்பாளர் எவ்வளவு சொல்லியும் அவர்கள் கலையவில்லையாம். எண்ணி முடிக்காமல் கலையக்கூடாது என்றார்களாம்.

அதிகாரி அவர்களைப் பார்த்து, போகலாம் என்று கையால் காட்டினார். நான் தமிழில் சொன்னேன். யாரும் அசையவில்லை. சங்கத் தலைவி மெதுவாகச் சொன்னாள்.

"பேர் வாசிக்கேல்லையே மிஸ்."

நான் அதை மொழிபெயர்த்தேன். அவர் ஜீப்பிலிருந்து பெயர்ப் பட்டியலை எடுத்து, ஆங்கிலத்தில் இருந்த தமிழ்ப் பெயர்களை உடைத்து உடைத்து, தலையில் அடித்துக்கொள்ளலாம் போன்ற உச்சரிப்பில் வாசிக்கத் தொடங்கினார். ஒவ்வொருத்தியும் நிற்கிறேன் என்று சொல்லி, வண்டியில் ஏறி, புறப்பட்டாள். ஆறாவது பெயர் வந்தது, போனாள். அடுத்து அவர் என்ன செய்யப்போகிறார் என்று நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் தலையை நிமிர்த்தாமல் அதே குரலில் யசிந்தாவின் பெயரை வாசித்தார்.

அவள் நிற்கிறேன் என்று சொல்லவில்லை. கொட்டிலில் வயரைக் கொழுவிச் சிலந்திவலையைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தவள், திரும்பாமலே ஒரு கையை உயர்த்திக் காட்டினாள். அவர் அடுத்த பெயருக்குப் போனார்.